டெலிபோன் கூண்டுக்கு வெளியே

1986 மார்ச் 14, வெள்ளி

ஆறு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சவூதியில இருந்து என்ட புருசன்ட டெலிபோன் கோல் வந்த. உம்மா என்னை டெலிபோன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனா. கூண்டு வாசல்ல உயரப் படி. சக்கர நாற்காலி உள்ளுக்குப் போகாது, வயரும் வெளியே எட்டாது. உம்மாவுக்குக் காது மந்தம். கடைக்காரர் ரிசீவரை எடுத்து, "நீங்க சொல்லுங்க ராத்தா, நான் அவருக்குச் சொல்றன்" எண்டார்.

காத்து நிண்டவங்க மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாங்க. ஆனா எல்லாரும் கதையை நிப்பாட்டிப்போட்டாங்க.

பிள்ளைகள் சுகம் எண்டு சொல்லி முடிய கடைக்காரர் திரும்பினார். "இப்ப எழும்பி நடக்கிறீங்களா எண்டு கேக்கிறார்."

நான் விழுந்தது மட்டும்தான் இவருக்குத் தெரியும். இனி நடக்க ஏலாது எண்டதைக் கடிதத்தில எழுத மனம் வரல்ல. இண்டைக்கு என்ட வாயால சொல்லத்தான் போனன். அத்தனை பேருக்கு முன்னால, ஒரு பிற ஆம்பிளைட வாயால எப்படிச் சொல்ற?

"ஓம், நடக்கிறன் எண்டு சொல்லுங்க."

கடைக்காரர் என்ட நாற்காலிச் சில்லைப் பார்த்தார். பிறகு சத்தமா, "ஓம், நல்லா நடக்கிறாங்க" எண்டார்.

அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த மனிசனையும் பொய்யனாக்கிப்போட்டன்.

இவர்ட மறுமொழியைக் கடைக்காரர் என்ட முகத்தைப் பார்க்காமத்தான் சொன்னார்.

"பெருநாளைக்கு வாறாராம். பஸ் நிக்கிற இடத்துக்கு உங்களை நடந்து வரச் சொல்றார்."