முப்பத்தேழாம் இதழ்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிறு மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, நம் சித்திரக்கதை வாசகர் சங்கம் தன் வரலாற்றிலேயே முக்கியமான தீர்மானத்தை நிறைவேற்றியது. அச்சில் வெளிவந்த முப்பத்தேழாம் இதழ் போலி. நீ வரைந்ததே அசல். ஆதரவு மூன்று, எதிர்ப்பு இல்லை. சங்கத்தின் மொத்த பலமே மூன்றுதான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். மறுத்துப் பயனில்லை.

நீ வேலைக்காக வெளியூர் போய் ஆறு வருடமானாலும் சங்கம் இன்னும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்தான் கூடுகிறது. நாற்காலிகள் அவருடையவை என்பதால் அவரே தலைவர். எந்தக் கதையையும் சொல்லி முடிக்காததால் நீ 'தொடரும்' என்று பெயர் வைத்த கண்டக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். கதைகள் இன்னும் முடியவில்லை. எல்லாக் கூட்டமும் பழைய கேள்வியில்தான் தொடங்குகிறது. முப்பத்தாறாம் இதழின் கடைசிக் கட்டத்தில் நம் கதாநாயகி கலங்கரை விளக்குக்காரி, கோபுரத்துக்கு வெளியே கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்குகிறாள். முப்பத்தெட்டின் முதல் கட்டத்தில் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள், கையில் கட்டோடு. நடுவில் வரவேண்டிய இதழ் நம் ஊர்க் கடைக்கு வரவே இல்லை. அவள் எப்படி உள்ளே வந்தாள்? இருபத்திரண்டு வருடங்களாக இதற்காக நண்பர்கள் பேச்சை முறித்திருக்கிறார்கள், பல் டாக்டர் ஒருமுறை தவறான பல்லைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

போன வாரம் கண்டக்டர் எங்கோ பழைய பேப்பர் கட்டில் அந்த இதழைக் கண்டெடுத்துவிட்டார். டாக்டர் கை கழுவி, கையுறை போட்டுக்கொண்டு பிரித்தார். முதல் பக்கம், முதல் கட்டம்: 'எப்படியோ தப்பினாள்.' அவ்வளவுதான். மீதி முழுக்க அவளுடைய மாமா மீன் பிடிக்கப் போன கதை.

பிறகு கண்டக்டர், "இதுக்காம்மா இத்தனை வருஷம் அடிச்சிக்கிட்டோம்? டிக்கெட் எடுக்காம மாட்டினவன்கூட இதைவிட நல்ல காரணம் சொல்லுவானே!" என்றார்.

அப்போதுதான் என் பழைய இயற்பியல் நோட்டை எடுத்து வைத்தேன். அதன் பின்பக்கங்களில் பதின்மூன்று வயதில் நீ வரைந்த முப்பத்தேழாம் இதழ். நான் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னது பொய்.

டாக்டர் வாய்க்குள் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தார். அவள் காலால் கீழ்ச் சன்னலை உதைத்துத் திறக்கிற இடத்தில் நின்றார். கொக்கி ஏன் போடவில்லை என்று ஆட்சேபித்தார். பன்னிரண்டாம் இதழில் புயலில் உடைந்த கொக்கியை யாரும் சரிசெய்யவே இல்லை என்று ஓரத்தில் நீ குறித்திருந்தாய். ஓடிப்போய்ப் பன்னிரண்டாம் இதழைக் கொண்டுவந்தார். மூலையில், கடுகளவுக்கு, உடைந்த கொக்கி! உதைத்ததில் உடைந்த கண்ணாடி கையுறையையும் கிழித்து அவள் கையில் காயம். ஆக, கட்டுக்கும் காரணம் கிடைத்தது. "நம்ம பையனாம்மா இது? நாங்க மூணு பெரியவங்க இதைப் பார்க்கலியே!" என்று கண்டக்டர் என்னிடமே மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். நாலாவது முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

பதினோராம் பக்கத்தில் அவளுடைய ஒரு கால் சன்னலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். என் ஊசல் கணக்கு வந்தது. "மீதி எங்கம்மா?" என்றார்.

மீதி இல்லாததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். அவளுக்கு நீ கையுறை மாட்டியதைப் பார்த்து, கை வரையத் தெரியாத ஓவியர் என்று உன் நண்பர்கள் முன்னால் சிரித்தேன். நீ நோட்டை மூடினாய். இதைச் சங்கக் குறிப்பேட்டில் பதியவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். செயலாளர் நானே என்பதால் நானே எழுதினேன்.

போன மாதம் பேசியபோது, "வரையறதெல்லாம் எப்பவோ விட்டாச்சுக்கா, இப்ப பேனா பிடிக்கறதே கிடங்குல பெட்டி மேல நம்பர் போடத்தான்" என்றாய். நான் வானிலை விசாரித்தேன். அன்று சொல்லவேண்டியதை இன்று தீர்மானமாகவே அனுப்புகிறேன்.

எல்லா இதழ்களையும் ஒரே தொகுப்பாகத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். முப்பத்தேழின் இடத்தில் உன் பக்கங்கள். மீன் பிடித்த மாமாவுக்கு இடமில்லை. அம்மா, கதை தெரியாவிட்டாலும், "அந்தப் பொண்ணு கால் இன்னும் வெளியதான் தொங்குதா? பாவம், உள்ள வரச் சொல்லுடா" என்று உனக்கு எழுதச் சொன்னார்.

கையுறையோடே வரட்டும். கையுறை இல்லாமல் நாங்கள் ஏற்பதாக இல்லை. நீ எங்கிருந்தாலும் உன் கை நன்றாக இருக்கட்டும்.

உன்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும்,
அக்கா (செயலாளர்)

பி.கு.: பைண்டர் காத்திருக்க முடியாதென்று இன்றே தைத்துவிட்டார். உன் பதினோராம் பக்கத்துக்கும் முப்பத்தெட்டாம் இதழுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. அளவு ஏழு அங்குலத்துக்கு ஒன்பதரை.