பறக்காத தகடு

மாமா,

கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். ஞானாம்பாள் அக்காவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. சோறு வடித்திருக்கிறேன், குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். மாடிச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

தளத்தைத் துளைத்தால் மழை ஒழுகும், சோலார் தகட்டுக்கு மணல் மூட்டையே போதும் என்று மகளிர் சங்கத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும் சொன்னது நான்தான். "காத்து பலமா அடிச்சா மூட்ட நிக்காது, போல்ட்டு போடச் சொல்லு" என்றீர்கள். கொத்தனாருக்கு சோலாரைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். புயலில் அத்தனை தகடும் பறந்தது. அக்கா வீட்டுத் தகடு அக்கா தலையிலேயே விழுந்தது.

காலையில் நம் மாடியைப் பார்த்தேன். நம் தகடு மட்டும் அசையாமல் நிற்கிறது. மூட்டைக்கு அடியில் நாலு போல்ட்.

மதியம் சங்கத்துப் பெண்கள் வருவார்கள். அதற்குள் அதைக் கழற்றி மறைத்துவிடுங்கள். ஊருக்கு மூட்டை, தனக்கு போல்ட்டா என்பார்கள்.

வேண்டாம், கழற்றாதீர்கள். மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நீங்கள் சொன்னதையும் நான் கேட்காததையும் சொல்லுங்கள். என் வாயால் சொல்ல வரவில்லை.

மாலதி

எனக்குத் தெரியாமல் நம் வீட்டுக்குப் போட்டீர்களே மாமா, அக்கா வீட்டுக்கும் நாலு போல்ட் போட்டிருக்கக் கூடாதா?