சப்பாத்தைக் கழற்றும் இன்ஸ்பெக்டர்

மேட்டு லயம்,
அக்கரப்பத்தனை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதிக்கொண்டது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ அந்த ஜோர்தான் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முத்துமாரியை வேண்டிக்கொள்கிறேன். என்னடா இது, போன் இருக்கும்போது அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். லயத்து வீடுகளின் ஒட்டுச் சுவருக்குக் காது உண்டு, தும்மினால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். லீவு முடிந்து திரும்பும் உன் கூட்டாளி ரிஃப்னாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பழைய பொலிஸ் நாடகத்தை டிவியில் மறுபடியும் போடுகிறார்கள், தெரியுமா? உனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். செல்லசாமி வீட்டில்தான் டிவி, டவுனில் சார்ஜ் ஏற்றிய பெட்டரி, ஐம்பது தலை ஒரே காம்பராவுக்குள். அவர்கள் பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து, உன் அப்பாதான் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வார், பாதி அவர் சொந்தச் சரக்கு. கொலை நடந்த வீட்டுக்குள் போகுமுன் அந்த இன்ஸ்பெக்டர் தடயம் அழியக்கூடாதென்று சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். எந்தத் துரை நம் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான்? அதற்காகவே லயமே அவரைக் கும்பிட்டது. எதையும் தொடாதீங்க, எதையும் கழுவாதீங்க என்று அப்பா சொன்னதை நீங்கள் பிள்ளைகள் எல்லாம் கூடவே கத்துவீர்கள். கொலைகாரனை ஒளித்துவைக்கும் தாய் யாராவது வந்தால் மண்ணை வாரித் தூற்றியவள் நான். இவள் வயிற்றில் இடி விழ என்று சபித்திருக்கிறேன்.

தேர் அன்று நடந்ததைப் போனில் உனக்குப் பொய்யாகச் சொன்னேன். நாகலெட்சுமி வழுக்கிக் கத்திமேல் விழவில்லை. உன் தம்பி திலக்ஷன்தான் தன் பெண்டாட்டியை வெட்டினான். காலையிலிருந்தே குடி. பகல் சோறு கேட்டான், சாமி வந்து போகட்டுங்க, மாவிளக்கு வச்சுட்டுப் போடுறேன் என்றாள் அவள், அவ்வளவுதான். கூரையில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவினான். முதல் வெட்டை அவள் வலது கையால் தடுத்தாள், கை மணிக்கட்டில் தொங்கியது. அடுத்தது தோளில், எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன், அம்மாவென்றும் பார்க்காமல் காலால் உதைத்தான். மாவிளக்குத் தட்டெல்லாம் ரத்தம். செல்லசாமி வேனில் அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

தேரோடு வரும் தப்பு மேளச் சத்தம் கீழ் லயம்வரை வந்துவிட்டது. சாமி வருகிற வாசலில் ரத்தம் கிடக்கலாமா என்று இஸ்தோப்புத் திண்ணையைக் கழுவினேன், சாணி தெளித்தேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், அதன்மேல் கோலமும் போட்டேன். கத்தியையும் கழுவினேன். ஊரில் யார் கேட்டாலும் சாமிக்காகக் கழுவினேன் என்றுதான் சொன்னேன். சாமிக்காக இல்லையடி, அவனுக்காக. அந்தக் கோலத்தில் நின்றே தேருக்குக் கற்பூரம் காட்டினேன், என் கை வெந்திருக்க வேண்டும். அந்தியில் பொலிஸ் சார்ஜன் பூட்ஸ் காலோடு வந்து கேட்டார், வழுக்கி விழுந்துட்டாங்க என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நமக்கேன் வம்பு என்று லயமும் வாயை மூடிக்கொண்டது. நாகலெட்சுமியும் பயந்துபோய், வழுக்கி விழுந்தேன் என்றே சொல்லிவிட்டாள்.

நேற்று அந்த நாடகம் ஓடியது. திலக்ஷன் பக்கத்தில் சாய்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றினார். இவன் சிரித்தான். இந்த ஆளு நம்ம லயத்துக்கு வந்திருந்தா மொதல்ல ஒன்னயத்தான் புடிச்சிருப்பான்ம்மா என்றான். சிரித்துவிட்டு எழுந்து போய்க் கத்தியைத் தீட்டி மறுபடி கூரையில் செருகினான். புதன்கிழமை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வரட்டும், வச்சுக்கிறேன் என்கிறான்.

பொலிஸ் வந்து விசாரித்ததைப் போனில் சொன்னதும், தம்பியை எப்படியாவது காப்பாத்துங்கம்மா என்று நீ அழுதாய். உன் முதுகில் வளர்ந்தவன், தெரியும். எனக்கும் பெற்ற வயிறு எரிகிறது. ஆனால் அடுத்த முறை அவள் கழுத்தைத்தான் வெட்டுவான், அதையும் கழுவ என்னால் முடியாது. நாளைக் காலை கத்தியைச் சேலையில் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போகிறேன். கண்ணால் பார்த்ததையும் சொல்வேன், கழுவியதையும் சொல்வேன். என்னையும் உள்ளே போட்டால் போடட்டும். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் என்னைத் தடுக்க முயலாதே, கோபமிருந்தால் திட்டி எழுது.

நீ நூறு வயது நன்றாயிருக்க வேண்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. ஒன்றை மறக்காதே. நாகலெட்சுமிக்கு ஒரு தடவை போன் எடுத்துப் பேசு. வலது கை விரல்கள் இனி மடங்காதாம், இடது கையால் தடவி எடுக்க நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அழகம்மா