படகில் போன சிமெண்ட்

அன்பு மகளுக்கு,

உடம்பளவில் இங்கே எல்லாரும் சுகம். உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போனில் கப்பல்கள் நகர்வதைக் காட்டும் கடல் வரைபடத்தைத் திறந்து, எண்ணெய்க்குத் துளையிட்ட அந்தக் கப்பலைத் தேடினேன். எண்ணெய் இல்லை என்று கம்பெனி அறிவித்து, கிணற்றை மூடி, கப்பல் வேறு கடலுக்கே போய்விட்டது, ஆனாலும் கை தானாக அங்கேதான் போகிறது. எனக்குக் காபி வர்ற நேரம் உங்க அம்மாவுக்குத் தெரியாது, நடுக்கடல்ல படகு வர்ற நேரம் நல்லாத் தெரியும் என்று அப்பா கேலி செய்வாரே, அந்தக் கேலியும் இப்போது நின்றுவிட்டது. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பெரியப்பா சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னக் கம்பெனியின் பங்குகளை வாங்கினோம் என்பது உனக்குத் தெரியும். அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் செய்திகளைப் புரியும்படி எழுதிப் போடுவது என் வேலை. நீ எழுதினா ஜனங்க நம்புறாங்கம்மா என்பார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கிணற்றுக்குள் நடப்பது எங்களுக்கு எங்கே தெரியும், வரைபடத்தில் படகு போவதுதான் தெரியும், அதனால் படகை வைத்தே ஜோசியம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். கரையிலிருந்து கப்பலுக்குப் படகு அடிக்கடி போனால் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், நாங்களாகவே வைத்துக்கொண்ட அர்த்தம். கீழ்வீட்டுத் தையற்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு மாடியேறி வந்து, கிளம்பிடுச்சா என்று கேட்பாள், பிரசவ அறை வாசலில் நிற்பவள் மாதிரி. கடைசி வாரத்தில் ஒரு படகு போவதும் வருவதுமாக இருந்தது. பெரியப்பா எனக்குப் போன் செய்து, துறைமுகத்துல விசாரிச்சுட்டேன், எண்ணெயைச் சோதிக்கிற கருவி போகுதாம், குழுவுல போடு என்றார். போட்டேன். அதைப் படித்துத்தான் தையற்கார அக்கா மகளின் படிப்புக்கு வைத்திருந்ததையும் எடுத்து அன்றைக்கே இன்னும் பங்கு வாங்கினாள்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கும் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, சாதாரணமாகச் சொன்னாள். படகில் போனது எண்ணெய் இல்லாத கிணற்றை மூடுகிற சிமெண்ட்டாம். துறைமுகத்து ஆள் பெரியப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டானாம், இவர் எனக்குப் போன் செய்துவிட்டு, ஜனங்கள் வாங்க வாங்க அன்றைக்கே தன் பங்கையெல்லாம் விற்றுவிட்டாராம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எல்லாரும் சேர்ந்து வித்தா, வாங்குறது யாரு?" என்றாள், உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில். கண்ணில் தண்ணீர் வந்தது, நல்லவேளை கையில் வெங்காயம் இருந்தது. முழுவதையும் உரித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், பொய்யை என் கையால் எழுத வைத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தையற்கார அக்கா இன்றும் நான் படியிறங்கும்போது, விடு, கடலுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கென்ன தெரியும் என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். அப்பாவிடம் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் அண்ணனிடம் தனியாகப் போய்க் கேட்பார், அண்ணன் இவர் தோளில் கைபோட்டு இரண்டு வார்த்தை பேசுவார், இவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது பெரியப்பா இன்னொரு கிணறு பிடித்திருக்கிறார். அதில் பணம் போடச் சொல்வதற்காக ஞாயிறு மாலை அவர் வீட்டுக் கூடத்துக்குக் குழுவில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார், என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். சரி என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், என் வருத்தமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லித் தையற்கார அக்காவையும் வரச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நியாயத்துக்காகச் செய்கிறேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நாலு நாளாக நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருப்பது அவர் முகத்தைத்தான், அது எப்படி வெளிறும் என்பதைத்தான். இதோடு அப்பாவுக்கு அண்ணன் இல்லாமல் போகலாம், எனக்கும் அந்தச் சமையலறை இல்லாமல் போகலாம். அதையும் யோசித்துவிட்டேன். ஞாயிறு அன்று எழுந்து நின்று, படகில் போனது என்ன, அவர் விற்றது என்றைக்கு என்று சொல்லிவிட்டு, பெரியம்மா சொன்ன அந்த ஒரு வரியை அவள் சொன்ன குரலிலேயே சொல்லப் போகிறேன். இதுவரை யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் முதலில்.

உன் வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்களாக வாய்க்கட்டும். பெரியப்பா உன்னையும் கேட்பார், காசு அனுப்பாதே. ஞாயிறு இரவு வரை அப்பாவுக்குப் போன் செய்யாதே, உனக்குப் பொய் சொல்ல வராது.

ஆசிகளுடன்,
அம்மா