பெரிய பிரேக்கர் மாட்டிய கை

பெறாமலே என்னை வளர்த்த அக்காவுக்கு, பன்னிரண்டு பேர் படுக்கும் ஒற்றை அறையின் சக்கரவர்த்தியாகிய உன் தம்பி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் மலைபோல் இருக்கிறேன்.

பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட் நின்றதால் அத்தானே பெரியதாக ஒன்றை மாட்டிவிட்டார், இப்போது விழுவதே இல்லை என்று போனில் பெருமைப்பட்டாய். விஞ்ஞானிக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம்! அக்கா, சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் தாங்காமல் சூடேறி எரிந்துவிடாதிருக்கத்தான் அது விழுகிறது. பெரியது விழாது, வயர்தான் எரியும்.

இங்கே கம்பெனி தந்த எங்கள் அறையிலும் அதே கதைதான். ஆறு கரண்ட் அடுப்புகள் ஒன்றாக எரிய, நாளுக்கு ஆயிரத்தெட்டு தடவை விழுந்தது. வயரை மாற்றலாம் என்றேன். "நீ எலக்ட்ரீசியனா, முதலாளியா? பெருசா ஒண்ணை மாட்டிட்டுப் போய்யா," என்றார் சூப்பர்வைசர். தெரிந்தே மாட்டினேன். போன வாரம் சுவர் புகைந்தது. கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். எழுத்து கோணுவது அதனால்தான். ஓடிவந்த சூப்பர்வைசர் கேட்டது, "சுவருக்கு ரொம்பச் சேதமா?"

நீ அத்தானோடு சண்டை போட்டாவது, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பழைய அளவையே மாட்டச் சொல். மோட்டார் ஓடும்போது அயர்ன்பாக்ஸ் போடாதே. மறுபடி விழுந்தால் எல்லாவற்றையும் அணைத்து, பிரேக்கரை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை ஒதுக்கிவிடு.

மாட்டியதும் போட்டோ அனுப்பு. பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நீயும் நில்.

சூப்பர்வைசரின் வண்டி வந்துவிட்டது. பக்கத்து அறைக்கும் பெரியது மாட்ட வேண்டுமாம். இந்த முறை முடியாது என்று சொல்லப்போகிறேன். வேலை போனால் அழாதே. உன் வீட்டு வயரை நானே வந்து மாற்றுகிறேன்.

உன் தம்பி