அக்கா தூங்குகிறாள் என்றார் மாமா

என் சண்டையை எல்லாம் சிரித்தபடியே கேட்டுக்கொள்ளும் சரசு அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் அவிநாசியில் உனக்குத் திதி கொடுத்தோம். உன் வீட்டுக்காரர், மாமாவே இலை அறுத்து வந்தார். உனக்குப் பிடித்த கச்சாயம் சுட ஆள் வைத்தார். பாகு முற்றி, பல்லை உடைக்கிற மாதிரி வந்தது. நீ இருந்திருந்தால் அந்தச் சமையல்காரரை ஒரு வழி பண்ணியிருப்பாய். இங்கே பெரியநாயக்கன்பாளையத்தில் நான் டைப் அடிக்கிற பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் இன்றைக்குச் சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நான் வெளிநாடு போனதை அந்த நாலு பேரிடம்தானே நாம் மறைத்தோம்?

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. ஒரு தடவையாவது வெளிநாடு பார்க்க வேண்டும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒண்டியாகப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது நீ மட்டும்தான் சிரிக்கவில்லை. "போயிட்டு வா கண்ணு, ஊரு ஒலகம் ஒண்ணும் உன்னையத் தின்னுபோடாது" என்றாய். சொந்தக்காரர்களிடம் கம்பெனி வேலையாகப் பெங்களூர் போயிருக்கிறாள் என்று நீயே கதை கட்டினாய்.

கிளம்புகிற அன்றைக்கு உன் கால் மெட்டியைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டாயே, நினைவிருக்கிறதா? "ஒண்டியாப் போற பொம்பளைன்னா நாலு பேரு பார்ப்பான். மெட்டி கெடந்தா கல்யாணமானவன்னு ஒதுங்கிப் போயிருவான். எனக்கு வேற வாங்கிக்கறேன், போ" என்றாய். பெரிய பாதுகாப்புத்தான் போ! மலேசியாவில், பினாங்கில் இருந்த தமிழர்கள் மெட்டியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டே என்னை ஒரு வழி ஆக்கிவிட்டார்கள். தாய்லாந்திலோ மெட்டி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரி, இது கால்வலி வைத்தியமா என்று கேட்டாள்.

ஓர் அறைக்கு ஆறு படுக்கை. துணியைக் குளியலறையிலேயே துவைத்துக் கட்டில் கம்பியில் காயப்போடுவேன். வெறும் சோறு வாங்கி உன் பருப்புப் பொடியைப் போட்டுத் தின்றேன். பயம் இல்லாமல் இல்லை. புது ஊரில் இறங்கியதும் அரைமணி நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கின இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் தெரு பழகிவிடும். அந்த அரைமணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை போன். உன் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்கு நான் அடிப்பேன், நீ ஓடி வருவாய். முதல் ஞாயிறு நீ மூச்சு வாங்க வந்து, "சோறு உண்டயா கண்ணு?" என்று கேட்டாய். இரண்டாம் ஞாயிறு வர நேரமாயிற்று. வாயெல்லாம் கசக்கிறது, லேசாகக் காமாலையாம், கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன் என்றாய். "ஆசுபத்திரிக்குப் போக்கா" என்றேன். "போலாம் போலாம், நீ ஏன் காசைக் கரியாக்கற, போனை வெய்யி" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. உனக்கு அது தெரிந்திருந்ததா?

மூன்றாம் ஞாயிறு மாமா வந்தார்.

"ஏனுங்க மாமா, அக்காவைக் கூப்புடுங்க."

"அவ தூங்கறாளுங்க அம்மணி."

"பட்டப்பகல்ல என்னங்க தூக்கம்? எழுப்புங்க, நான் யானைமேல போன கதையைச் சொல்லோணும்."

"வேண்டாமுங்க. நல்லாத் தூங்கறா. நீ சுத்திப் பார்த்துப்போட்டுப் பதனமா வா" என்றார்.

நீ இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள், அக்கா.

நம் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை. 'கொஞ்சம் முடியலைங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்பார்கள்; கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு மாலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். மாமா அதையும் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக, போன் வசதிகூட இல்லாத ஒரு தீவுக்குப் படகேறினேன். ஒன்பது நாள் கடலில் குளித்தேன். அந்தப் படங்களைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "நல்லாச் சிரிச்சிருக்கீங்க" என்றார். ஆமாம், எல்லாப் படத்திலும் பல் தெரிய நிற்கிறேன்.

திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கி அவிநாசிக்குப் பஸ் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டிலேயே மாமா நின்றிருந்தார். வழியில் வேறு யாராவது என்னிடம் சொல்லிவிடக் கூடாது என்று காலையிலிருந்தே காத்திருந்தாராம். அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஏனுங்க மாமா, என்னைய உட்டுப்போட்டுப் பழனிக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் பையை வாங்கிக்கொண்டார். "மொதல்ல தண்ணி குடி அம்மணி" என்றார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தார். அப்புறம் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பெரியப்பா மகன் எடுத்து வந்து போர்த்தினாராம். நம் வீட்டில் மிச்சமிருந்தவள் நான் ஒருத்தி. அது என் கையால் விழ வேண்டிய சேலை. பெங்களூரில் இருக்கிறவள் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம், தகவல் சேரவில்லை என்று மாமா சொல்லிவிட்டாராம். உன்னைக் குளிப்பாட்டின பெண்கள் விரலில் மெட்டி இல்லாததைப் பார்த்துத் திகைத்துப் போனார்களாம். நீ புதிதாக வாங்கவே இல்லை. அவசரத்துக்கு வாங்கிவந்த மெட்டி வீங்கின விரலில் ஏறாமல், மஞ்சள் நூலால் கட்டிவிட்டார்கள். அதைச் சொன்ன அத்தை முறைக்காரி ஒருத்தி என் காலில் கிடந்த உன் மெட்டியையே பார்த்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அழுதவர்கள் எல்லோரும் அழுது முடித்து, முகம் கழுவி, அவரவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பதினைந்து நாள் கழித்து வந்து யாரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பது?

மாமாவோடு பல மாதம் பேசவில்லை. போன வாரம் திதி முடிந்த பிறகுதான் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. அவர் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "உங்கக்காதான் கையடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாளுங்க. ஆசுபத்திரில, பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி. தெரியாத ஊர்ல ஒண்டியாக் கெடக்கறா, சொன்னா ஆரு கையப் புடிச்சு அழுவா, வந்த பொறகு சொல்லுங்கன்னா."

அப்போதுதான் தெரிந்தது, இது உன் வேலை என்று. எத்தனை மாதம் அந்த மனுஷனை வாட்டினேன்! என்னைத் தனியாகப் போக விட்ட நீயே, தனியாக அழ மட்டும் என்னால் முடியாது என்று எப்படி முடிவு செய்தாய்? அன்பில்தான் செய்தாய். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பாஸ்போர்ட்டைக் கிழித்துப்போட இரண்டு தடவை கையில் எடுத்தேன். கிழிக்கவில்லை. தை பிறந்ததும் மறுபடி போகிறேன், அதே தீவுக்கு, ஒண்டியாக. இந்தத் தடவை பெங்களூர்க் கதை கிடையாது. பெரியப்பா வீடு தொடங்கி எல்லோரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "நான் போன் பண்ணும்போது எதுவானாலும் நேராச் சொல்லோணும் மாமா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சிரித்துக்கொண்டு படம் எடுத்த அந்தக் கரையில் உட்காரப் போகிறேன், அக்கா. என்னை யாருக்கும் தெரியாத ஊரில், யார் கையையும் பிடிக்காமல், உனக்காக வாய்விட்டு அழப் போகிறேன். அழுது முடித்ததும் எழுந்து, போய்ச் சோறு உண்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ வளர்த்த ஒரே தங்கச்சி,
ரேவதி