என் பெயர் வைத்த பிள்ளைகள்

2005 பெப்ரவரி 7

இன்று கிளினிக் கதவில் என் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில்: டொக்டர் சந்தியாகோ மரியநாயகம், குழந்தை வைத்தியர். மெக்சிக்கோ எல்லைக்கு இருபது நிமிடத் தூரத்தில், டெக்சாஸின் இந்த மூலையில், இப்படி ஒரு பெயரை மாட்டினால் என்ன நடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

காலையில் போனால் உட்கார நாற்காலி இல்லை. எங்கள் பாஷை தெரிந்த டொக்டர் வந்துவிட்டார் என்று ஊரில் கதை பரவியிருக்கிறதாம். முன்மேசையில் இருக்கும் கிரசியேலா சொன்னாள். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஒரே ஒரு சொல். 'சீ'. ஆம் என்று அர்த்தம்.

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், பேரனை மடியில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நீளமாக எதையோ கேட்டார். மரியாதைக்கு மூன்று தரம் 'சீ' சொன்னேன். மனிதர் கண் கலங்கி எழுந்து வெளியே போய்விட்டார். கிரசியேலா பின்னால் ஓடிப்போய் விசாரித்தாள். பேரனுக்கு ஆபரேஷன் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். பையனுக்கு வெறும் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி தவம் சிரிக்கக்கூட இல்லை.

"வயது போன மனுசனைப் பார்த்து மூண்டு தரம் சீ எண்டிருக்கிறீங்கள். அந்தாள் அழாமல் என்ன செய்யும்?"

பெப்ரவரி 10

கிரசியேலா கேட்டாள், உங்கள் பாட்டன் ஸ்பெயின்காரரா என்று. பாட்டன் யாழ்ப்பாணத்தில் தபால்காரர் என்றேன். நம்பவில்லை. போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்தது, கிளாலிக் கோயில், அங்கே நாங்கள் சந்தியோகுமையோர் என்று கும்பிடும் புனிதர், யூலை இருபத்தைந்து அவருடைய திருநாள், அன்றைக்கே நான் பிறந்தது, பாட்டன் பெயரும் அதுவாக இருந்ததால் அப்பாவுக்கு யோசிக்கும் வேலையே இல்லாமல் போனது என்று முழுக்கதையும் சொன்னேன். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். 'சாந்தோ' என்றால் புனிதர். 'யாகோ' என்றால் எங்கள் யாகப்பர், வேதாகமத்து யாக்கோபு. இரண்டும் ஒட்டிப்போய் ஒரு பெயராகிவிட்டது. ஆகவே 'புனித சந்தியாகு' என்று சொல்கிறவன் புனிதரை இரண்டு தரம் சொல்கிறான்.

தவம்: "உங்களுக்கு ரெண்டு தரம் சொன்னாலும் காணாது."

மார்ச் 3

தவத்தின் விசாவில் வேலை செய்ய முடியாது. கொழும்பில் பத்து வருஷம் கணிதம் படிப்பித்தவள், இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. இன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து ஸ்பானிஷ் தொடர்நாடகம் பார்க்கிறாள். நாடகத்தில் யாரோ யாரையோ கன்னத்தில் அறைந்தார்கள். எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள், தவமும் சேர்த்து.

எனக்குக் கிளினிக் பணத்தில் ஒலிநாடா வாங்கித் தந்திருக்கிறார்கள். மேசை, கதிரை, நூலகம் எங்கே இருக்கிறது என்பதுவரை வந்திருக்கிறேன். இதுவரை எந்தத் தாயும் நூலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 19

முதல் சந்தியாகோ.

இழுப்புக்கு நான் மருந்து கொடுத்த சிறுமியின் தாய்க்கு இரண்டாவது பிள்ளை. ஆண். பெயர் சந்தியாகோ. தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன சொல்ல வேண்டியிருக்கிறது? சிறுமிக்கு நல்ல சுகம்.

தவத்திடம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். "அப்பிடியோ" என்றாள். கொஞ்சம் கூடுதலாகவே சாதாரணமாகச் சொன்னாள்.

மே 6

இன்னொன்று.

மே 24

இந்த வாரம் மட்டும் இரண்டு. இதைத் தற்செயல் என்று சொல்கிறவன் வைத்தியனாக இருக்க முடியாது.

யூன் 12

நியூ ஜெர்சியிலிருந்து சிறீஸ்கந்தராசா போன் எடுத்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான். சந்தியாகோக்களின் கதையைச் சொன்னதும் இருமல் வருமளவு சிரித்தான்.

"டேய் மச்சான், நான் இஞ்சை ட்ரெயினிலை நிண்டுகொண்டு போய் வேலை செய்யுறன், என்ரை பேரை ஒருத்தனாலயும் முழுசாச் சொல்ல ஏலாது. நீ ஊரையே உன்ரை வம்சமாக்கிப்போட்டாய்."

வம்சம். பகிடிக்குத்தான் சொன்னான். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பாட்டன் பெயர் பேரனுக்குப் போகும். நான் ஒரே பிள்ளை. கலியாணம் முடித்துப் பதினாலு வருஷம். பிள்ளைக்காகக் கொழும்பில் வைத்தியம் பார்த்தோம், லண்டனில் பார்த்தோம், பிறகு பார்ப்பதை நிறுத்தினோம். நிறுத்திய நாளுக்குப் பிறகு தவம் அதைப்பற்றிக் கதைத்ததில்லை, நானும் இல்லை. ஊரான் பிள்ளைகளை நாள் முழுக்கத் தூக்குகிறேன், அதில் எனக்குக் குறையில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையை என் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசைதான். வேறு சொல் இல்லை.

யூன் 21

டியேகோவும் சந்தியாகோதானாம். யாகோ, தியாகோ, டியேகோ என்று தேய்ந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள் என்று கிரசியேலா சொன்னாள். இந்தக் கிளினிக்கில் டியேகோக்களை எண்ணி முடியாது. நான் வருவதற்கு முன் பிறந்தவர்களைக் கழித்துவிட்டேன், நியாயம் நியாயம்தான்.

தவத்திடம் கேட்டேன், உன் பெயரை யாராவது வைத்திருக்கிறார்களா என்று. விளையாட்டாகத்தான்.

"என்ரை பேரையோ? தவமணிதேவி? எங்கட வகுப்பிலை மட்டும் நாலு தவமணி. அந்தக் காலத்து மோஸ்தர். இப்ப ஊரிலையே ஒருத்தரும் வைக்கிறேல்லை. எங்களோட அந்தப் பேர் முடிஞ்சுது."

சொல்லிவிட்டுப் பருப்பை இறக்கப் போனாள்.

யூலை 25

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பிறந்தநாள், திருநாள் இரண்டும். கிரசியேலா கேக் கொண்டுவந்தாள். தாய்மார் பத்துப் பன்னிரண்டு பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். தவமும் வந்தாள். பேசச் சொன்னார்கள். ஒரு கிழமையாகக் குளியலறையில் மனப்பாடம் செய்த ஸ்பானிஷ் பேச்சைப் பேசினேன். உங்கள் பிள்ளைகளுக்கு என் பெயரை வைத்து எனக்கு நீங்கள் செய்த கௌரவத்தை நான் மறக்கமாட்டேன் என்று முடித்தேன். உச்சரிப்பு மிகச் சுத்தம். ஒரு சொல்லும் பிசகவில்லை. அதுதான் வினை.

யாரும் கை தட்டவில்லை. பிறகு ஒருத்தி சிரிக்க, அடுத்தவள் சிரிக்க, பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். கிரசியேலா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனாள். மத்தியான நாடகத்தின் கதாநாயகன் பெயர் சந்தியாகோவாம். குதிரையில் வருவானாம். சட்டைக்கு மேல் பொத்தான் மூன்றும் இல்லாதவனாம்.

"உங்களையும் எல்லாருக்கும் பிடிக்கும் டொக்டர்" என்றாள். உங்களையும்!

போதாக்குறைக்கு அவளுடைய கம்ப்யூட்டரில் அரசாங்கத்தின் பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். எந்த வருஷம் எந்தப் பெயர் எத்தனையாவது இடம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். சந்தியாகோ நாடு முழுக்க வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் டெக்சாஸுக்கு வர முதலே ஏறத் தொடங்கிவிட்டது. நாடகத்துக்கும் முதலே. டியேகோ வேறு பெயர் என்று வாதாடுகிற அறிஞர்களும் இருக்கிறார்களாம். அவர்களும் இன்றைக்குத்தான் வர வேண்டுமா?

திரும்பி வரும்போது தவம்தான் கார் ஓட்டினாள். கேட்டேன்: "நீ அந்த நாடகம் நாளும் பாக்கிறனி. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

சிவப்பு லைட்டில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"கன வருசத்துக்குப் பிறகு நீங்கள் வீட்டை வரேக்கை விசிலடிச்சுக்கொண்டு வந்தனீங்கள் அப்பா. நான் ஏன் அதைக் கெடுப்பான்?"

எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு பசி வந்தது. மிச்சக் கேக் பின் சீட்டில் இருந்தது.

யூலை 26

விசிலடித்தேனா? நானா?

செப்டெம்பர் 8

மரிசோல் எர்னாண்டஸ் என்று ஒரு தாய். மூத்தவன் ஒமார் என் நோயாளி. அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷன் கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, மாதக்கணக்கில் வரமாட்டான். பஸ் இல்லாத ஊர். தவம் அவளை ஒவ்வொரு செக்கப்புக்கும் டிரைவ் பண்ணிக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் காரில் கதைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். தவம் ஸ்பானிஷில் கையை ஆட்டிக் கதைக்கிறாள். நான் இன்னும் நூலகத்தில் நிற்கிறேன்.

செப்டெம்பர் 29

இன்று மரிசோல், ஒமாரைக் காட்டிவிட்டுப் போகும்போது நின்று சொன்னாள். கிரசியேலாதான் மொழிபெயர்த்தாள்: "பிறக்கப்போகும் பிள்ளைக்கு உங்கள் வீட்டுப் பெயரைத்தான் வைக்கப்போகிறேன்."

உங்கள் வீட்டுப் பெயர். நாடகத்துப் பெயர் இல்லை. கிரசியேலாவை இரண்டாம் தரமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஆணா பெண்ணா என்று மரிசோல் கேட்டுவைக்கவில்லை. வயிறு நிற்கிற நிலையைப் பார்த்தால் ஆண் என்று முன்மேசையில் கதைக்கிறார்கள். மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எனக்கும் ஆண் என்றுதான் படுகிறது.

ஒக்டோபர் 30

'இது மிகப்பெரிய கௌரவம், எனக்கு இதற்குத் தகுதியில்லை.' ஸ்பானிஷில் நன்றாக வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் 'தகுதியில்லை' என்ற இடத்தில் முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

நவம்பர் 18

மரிசோலுக்கு விடிய வலி வந்திருக்கிறது. தவம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உள்ளே அறையிலும் அவள்தான் பக்கத்தில் நின்றாளாம். மத்தியானம் போன் வந்தது.

"பெட்டைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். நான் பிறகு எடுக்கிறன்." குரல் ஒருமாதிரி இருந்தது. களைப்பாக்கும்.

நல்லது என்றேன். நல்லதுதான். சுகமாகப் பிறந்தது பெரிய விஷயம். பிறகு கிரசியேலாவிடம், பொது அறிவுக்காக, சந்தியாகோவுக்குப் பெண்பால் உண்டா என்று கேட்டேன்.

"பெயருக்குள் ஒரு அப்போஸ்தலர் உட்கார்ந்திருக்கிறார் டொக்டர். அவருக்குப் பாவாடை கட்டச் சொல்கிறீர்களா?"

நவம்பர் 19

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். நல்ல நிறை, நல்ல இதயம், நல்ல அழுகை. தலை நிறைய மயிர். தவம் நேற்று உடுத்த சட்டையோடு கதிரையில் இருந்தாள், இரவு வீட்டுக்கு வரவேயில்லை.

பெயர் என்ன என்று மரிசோலைக் கேட்டேன். அவள் தவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நடந்து போவதுபோலச் சொன்னாள்.

தவமணி.

தவமணி எர்னாண்டஸ்.

நான் திரும்பவும் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஏற்கனவே பார்த்தாயிற்று. முகத்தைத் தாழ்த்தி வைத்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிறகு, வாய் பழகிப் போயிருந்ததால், இது மிகப்பெரிய கௌரவம், எனக்கு இதற்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு இல்லை டொக்டர்" என்றாள் மரிசோல், தவத்தைக் காட்டி. "இவருக்கு."

தவமும் நானும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்து, சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேண்டாம் எண்டு எவ்வளவு சொன்னன். பழைய பேர், ஒருத்தரும் வைக்கிறேல்லை எண்டு சொன்னன். அவள் கேக்கேல்லை. நாலு தவமணி இருந்த வகுப்பப்பா, நான் மூண்டாவது."

பிறகு அழுதாள். பதினாலு வருஷத்தில் இதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். சாமித்தட்டில் அவளுடைய பிள்ளையாரும் என்னுடைய சந்தியோகுமையோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசித்தது. இடியப்பம் செய்ய இருவருக்கும் உடம்பில் தெம்பில்லை, முட்டை பொரித்துப் பாண் துண்டுகளோடு சாப்பிட்டோம்.

2006 மே 22

இந்த வருஷத்துப் பட்டியல் வந்துவிட்டது என்று கிரசியேலா காட்டினாள். சந்தியாகோ இன்னும் ஏறியிருக்கிறது. சந்தோஷம். என் உதவி அதற்குத் தேவையில்லை. பெண்கள் பக்கத்தில் ஆயிரம் பெயரையும் பார்த்தேன், நான் தேடியது இல்லை.

இன்று தவமணிக்கு ஆறாம் மாதத் தடுப்பூசி. இப்போதெல்லாம் தவம் கிளினிக்கில் கிழமைக்கு மூன்று நாள் சம்பளமில்லாமல் மொழிபெயர்க்கிறாள். எனக்கும் சேர்த்துத்தான். கிரசியேலா கூடம் கேட்கப் பெயரைக் கூப்பிட்டதும் மரிசோல் பிள்ளையோடு எழுந்தாள், தவமும் பழக்கத்தில் திரும்பினாள்.

மூலையில் இருந்த கர்ப்பிணி ஒருத்தி கேட்டாள்: "அழகான பெயர். புது நாடகத்தில் வருகிறதா?"

"நாடகத்தில் இல்லை" என்றாள் கிரசியேலா. "இதோ நிற்கிறாரே, அவருடைய பெயர்."

"அப்போ இவர்?" அந்தப் பெண் என்னைக் காட்டிக் கேட்டாள்.

"அவருடைய கணவர்."

ஊசி போட்டேன். பிள்ளை வீரிட்டு அழுதது, தவம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கர்ப்பிணி எழுந்து அவளிடம் போய், அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். தவம் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, கைப்பைக்குள் பேனா தேடினாள்.